ஒரே சான்றிதழில் இரண்டு தேதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் விபத்துச் செய்தி இல்லாத நாள் குறைவு. பள்ளிகொண்டா அருகே லாரி மீது கார் மோதல், சத்துவாச்சாரி சர்வீஸ் சாலையில் இருசக்கர வாகனம் சறுக்கல், வாணியம்பாடி அருகே தடுப்புச்சுவரில் வேன் மோதல் என்று இடம் மாறும். செய்தியின் கடைசி வரி மட்டும் மாறாது. 'போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.' பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளையில் மோட்டார் க்ளெய்ம் பிரிவு எழுத்தராக முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடைசி வரி முடிகிற இடத்தில்தான் எங்கள் மேசையில் வேலை தொடங்கும். நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்களில் பெரும்பாலானவை விபத்து நடந்த அன்று கெட்டவை அல்ல, பாலிசி வாங்கிய அன்றே கெட்டவை என்பது அந்த மேசையில் உட்கார்ந்து நான் அறிந்துகொண்டது. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் 2022-ல் புதிய பைக் வாங்கினார். சென்ற ஆண்டு காட்பாடி ரயில் நிலையம் அருகே நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போய் இரவு திரும்பியபோது வண்டியைக் காணவில்லை. காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்தார், முதல் தகவல் அறிக்கையும் பதிவானது. மறுநாள் காலை கையில் காப்பீட்டுச் சான்றிதழோடு என் வீட்டுக்கு வந்தார். "2027 வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குதுங்க சார், பணம் எப்போ வரும்?" என்று கேட்டார். தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நபர் பொறுப்புக்கான, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான, காலம் 2027 ஆகஸ்ட் வரை இருந்தது. அதற்கு நேர் கீழே, அதே எழுத்தளவில், சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே நேரும் இழப்புக்கான, காலம் 2023 ஆகஸ்டில் முடிந்திருந்தது. திருட்டு என்பது சொந்தச் சேதப் பிரிவில் வருவது. மேல்வரியை மட்டும் படித்த அந்தப் பையனுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. கடன் தவணை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு தேதிகள் எப்படி வந்தன என்று பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும், புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாயிற்று. காப்பீடு இல்லாமல் ஓடும் வண்டிகளால் அடிபட்டவர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் ஷோரூமில் வண்டியோடு கொடுக்கும் பாலிசியில் சொந்தச் சேதம் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி ஒன்று வரும். அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். சோதனையில் நிறுத்தும் போலீசாரும் மூன்றாம் நபர் தேதியைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயம் என்று சொல்வது அதை மட்டும்தான். அது இல்லையென்றால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆக, சாலையில் யாரும் பிடிக்காத ஒரு குறை, வண்டி காணாமல் போகும் நாளில்தான் வெளியே தெரிகிறது.

'தேர்டு பார்ட்டி' என்பது பிறருக்கு நாம் இழைக்கும் சேதத்துக்கானது. நம் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். உயிருக்கும் உடலுக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு மட்டும் வரம்பு உண்டு: கார் என்றால் 7.5 லட்சம், இருசக்கர வாகனம் என்றால் 1 லட்சம். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. ஓட்டுகிற உரிமையாளர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கிடைப்பது இதிலிருந்து அல்ல. அதற்கு 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. முன்பே வேறு வண்டிக்கு எடுத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு அது கிடைக்காது. பின்னிருக்கையில் உட்காரும் மனைவி, மக்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. மூன்றாம் நபர் பொறுப்பும் சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசி இருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் நிறுவனம் மறுக்கும், வழக்காகும். நான் பார்த்தவரை, குடும்பத்தோடு பைக்கில் போகிறவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

இனி, 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நம் ஊரில் சொல்லும் சொல்லுக்கு வருகிறேன். அந்த 'ஃபுல்' என்ற சொல்லால் எங்கள் அலுவலகக் கவுண்டரில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. நான்கரை ஆண்டு ஓடிய, 1,200 சி.சி. கார் ஒன்று முன்புறம் அடிபட்டு ஒர்க்ஷாப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் 8,000, முன்பக்க இரும்புத் தகடுகள் 10,000, முன் கண்ணாடி 6,000, பெயின்ட் அடிக்க 8,000, கூலி 5,000, ஆக 37,000 ரூபாய் பில். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பாதிதான் கிடைக்கும், 4,000. இரும்புக்கு நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதில் 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 6,500. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, 6,000 முழுதாக. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருளுக்கு என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 7,000. கூலி 5,000 அப்படியே. கூட்டினால் 28,500, அதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000 போக 27,500. மீதி 9,500 ரூபாயை உரிமையாளர் தன் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பாலிசியில் அச்சிட்ட அட்டவணைப்படி போட்ட கணக்குதான். தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் பாதுகாப்பை, மக்கள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்வதை, தனிப் பிரீமியம் கட்டித்தான் வாங்க வேண்டும். அதை வாங்கியிருக்கிறோமா இல்லையா என்று வண்டி வைத்திருப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் குறை.

சிறு கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடுவதும் நட்டம். க்ளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். பத்தாயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு ஐந்தாயிரம் மட்டும் கட்டிவரும் ஒருவர் மூவாயிரம் ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் வாங்கினால், மறு ஆண்டே ஐயாயிரம் கூடுதலாகக் கட்டுவார். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய காரை விற்றாலும் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். பிறருக்கு இதைச் சொல்லிச் சொல்லியே காலம் கழித்த நான், ஓய்வு பெற்ற ஆண்டில் கண் அறுவைச் சிகிச்சை, பேரன் பிறந்தது என்று ஏதேதோ நினைவில் என் சொந்தக் காருக்கு 90 நாளைத் தவறவிட்டேன். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

2021 நவம்பர் வெள்ளத்தை வேலூர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. பாலாறு இருகரை தொட்டு ஓடியது. கன்சால்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. என் மைத்துனரின் கார் கதவுப் பாதி வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த மறுநாள், நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்கச் சாவியைத் திருகினார். இரண்டு முறை உறுமிவிட்டு எஞ்சின் நின்றது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். பால் விட்ட காபி போல இருந்தது எண்ணெய். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பிழிந்தபோது கலங்கல் நீர் சொட்டியது. வெள்ளத்தால் வந்த சேதம் நம் நாட்டில் முழுப் பாலிசிக்குள்ளேயே அடங்கும். இருக்கை, வயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. எஞ்சின் கெட்டது வெள்ளத்தால் அல்ல, தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் என்று சொல்லி அந்தப் பகுதியை மட்டும் மறுத்துவிட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு அவரிடம் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டி வைத்து இழுத்துச் செல்லுங்கள் என்று ஒருவர் அன்று சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். அன்று எங்கள் வீட்டிலேயே மின்சாரம் இல்லை, கைப்பேசியும் அணைந்து கிடந்தது.

வேலூருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வரும் நோயாளிகளைக் காட்பாடி நிலையத்திலிருந்து அழைத்துவரவும், ஊர் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் விடவும், சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு கார்கள் வாடகைக்கு ஓடுவது ஊரறிந்த விஷயம். விபத்தானால் வண்டியில் இருந்தவர்களின் வாக்குமூலத்திலேயே வாடகை விஷயம் வெளிப்பட்டுவிடும். பாலிசியில் எழுதிய உபயோகத்துக்கு மாறானது என்று சொந்தச் சேதம் மறுக்கப்படும். பிழைப்புக்கு ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வாடகை வண்டிக்கு உரிய மஞ்சள் போர்டுக்கு ஆகும் கூடுதல் செலவை மிச்சப்படுத்தப் போய் முழு வண்டியையும் பணயம் வைக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். இதற்கு நேர்மாறாக, ஓட்டுநர்களுக்குச் சாதகமான ஒன்று தெரியாமலே கிடக்கிறது. எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு, பயணிகள் வாகனத்தை ஓட்ட, இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆகவே மினி லாரி ஓட்டியவரிடம் போக்குவரத்து வாகன உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி நிறுவனம் கையை விரித்தால் அதை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினால் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். மூன்றாம் நபர் பொறுப்பு சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பிரிவு வராது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய அக்கா மகன் மலேசியாவில் கிள்ளானில் வேலை செய்கிறார். அங்கே காருக்குத் தகாஃபுல் என்னும் இஸ்லாமிய முறைக் காப்பீடு எடுத்திருக்கிறார். "அது ஹலால்னு சொல்றாங்க, நம்ம ஊர்லயும் எடுக்க முடியுமா சார்? எடுத்தா இந்தக் கழிவு, தேய்மானம் எல்லாம் இல்லாம முழுசா குடுப்பாங்களா?" என்பது கேள்வி. இதே கேள்வி ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல குடும்பங்களில் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

வழக்கமான காப்பீட்டில் நாம் கட்டும் பிரீமியம் நிறுவனத்தின் வருமானம். ஆபத்து நம் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்குப் போகிறது. இதில் வட்டியும் நிச்சயமின்மையும் சூதாட்டச் சாயலும் கலந்திருப்பதாக இஸ்லாமிய அறிஞர்களில் பலர் கருதுவதால், மாற்றாக வந்தது தகாஃபுல். அதில் சேர்கிறவர்கள் தங்கள் பங்கை 'தபர்ரு' என்னும் நன்கொடையாக ஒரு பொது நிதியில் போடுகிறார்கள். நடத்தும் நிறுவனம் அந்த நிதியின் சொந்தக்காரர் அல்ல, கட்டணம் பெற்று நிர்வகிக்கும் முகவர் மட்டுமே. விபத்துக்குள்ளானவருக்குப் பொது நிதியிலிருந்து பணம் போகும். ஆண்டு முடிவில் மிஞ்சினால் ஒப்பந்தப்படி உறுப்பினர்களுக்கும் பங்கு வரலாம். நிதி போதாவிட்டால் நிறுவனம் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து ஈடுகட்டும். நிதியை வட்டி வரும் இடங்களில் முதலீடு செய்யக் கூடாது. நம் பக்கத்துச் சீட்டுக்கும் சங்க நிதிக்கும் பழகியவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. மலேசியாவில் 1984-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது. இப்போது 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் நடக்கிறது.

ஆனால் நண்பரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்பதுதான். பணம் யாருடையது என்பதில்தான் தகாஃபுல் மாறுபடுகிறது. க்ளெய்ம் நடைமுறையில் அது பெரிதாக மாறுபடுவதில்லை. அங்கேயும் விபத்தானால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வேண்டும். அங்கேயும் வயதான வண்டியில் புதுப் பாகம் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்பது வழக்கம். க்ளெய்ம் இல்லாவிட்டால் கிடைக்கும் தள்ளுபடி ஆண்டாண்டாக ஏறித் தனியார் காருக்கு 55 சதவீதம் வரை போகும். வெள்ளச் சேதம் அங்கே அடிப்படைப் பாதுகாப்பில் சேராது, கூடுதலாகக் கட்டித்தான் சேர்க்க வேண்டும். அந்த ஒன்றில் நம் பாலிசி தாராளமானது. முன் கண்ணாடிக்கும் அங்கே தனிக் கட்டணம் உண்டு. ஆகவே அக்கா மகனும் தன் தாளை எடுத்து வெள்ளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் கேள்விக்கு வந்தால், நம் நாட்டில் வாகனத் தகாஃபுல் வழங்க உரிமம் பெற்ற நிறுவனம் எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது இங்கே அங்கீகாரம் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழை. 'ஹலால் வண்டிக் காப்பீடு' என்று கைப்பேசியில் யாராவது பணம் கேட்டால் அந்தத் தாளை வைத்து சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது, தீர்ப்பாயத்தையும் தாண்ட முடியாது. கட்டாயப் பகுதியை மட்டும் சட்டத்துக்காக எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம் என்று சில குடும்பங்கள் முடிவு செய்வதை நான் அறிவேன். அது அவரவர் நம்பிக்கை சார்ந்தது, நான் கருத்துச் சொல்ல உரியவன் அல்ல. எதை விட்டுவிடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும் என்பது மட்டுமே என் கவலை.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லோடு எழுந்து வராதீர்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அல்லது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். திருட்டு வழக்குகளில் போலீசுக்கு உடனே சொல்லிவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தாமதத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய கோப்புகளை நானே கட்டி அடுக்கியிருக்கிறேன். அந்தக் கோப்புகளுக்கு உரியவர்களில் எத்தனை பேர் மேல்முறையீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிறுவனங்களிடமும் டீலர்களிடமும் எனக்குக் கோரிக்கை ஒன்றே ஒன்று. பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் சொல்லியிருக்கிறது. வேலூரில் வண்டி விற்கிறவர்கள் அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் கொடுக்கட்டும்: சொந்தச் சேதம் எந்தத் தேதியில் முடிகிறது, பின்னிருக்கைப் பயணிக்கு உண்டா, தேய்மானம் கழிப்பார்களா, எஞ்சின் பாதுகாப்பு இருக்கிறதா. பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிச் சாவி கொடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைக் காவல்துறை தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போக வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும் திட்டம் இருக்கிறது. பல குடும்பங்கள் அதற்கு மனுவே கொடுப்பதில்லை. ஆகவே தங்கள் செய்தியாளர்கள் இனி விபத்துச் செய்தி எழுதும்போது, முதல் அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போயிற்றா, மோதிய வண்டிக்கு நடப்பில் காப்பீடு இருந்ததா என்ற இரண்டையும் காவல் ஆய்வாளரிடம் கேட்டு, 'விசாரித்து வருகின்றனர்' என்ற வரிக்குக் கீழே சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காப்பீட்டு ஊழியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.